ஆறாவது பெயர்

செப்டம்பர் 9, செவ்வாய்

மருத்துவச் சொற்கள் வகுப்பு. கல்லூரி எங்கள் ஊருக்கு வராது, அதனால் திரையில் வருகிறது. திரையில் நான்கு கட்டங்கள். ஒன்றில் ஆஸ்ட்ராண்டர் சார். ஒன்றில் எங்கள் பள்ளியிலிருந்து நானும் கோல்பியும். ஒன்றில் மேற்கே உள்ள பள்ளியின் மூன்று பெண்கள். கடைசிக் கட்டத்தில், இன்னொரு பள்ளியிலிருந்து தன்னந்தனியாக வெஸ்லி ஹாவ்லிக். மொத்தம் ஆறு பேர். ஆறுக்குக் கீழே போனால் வகுப்பையே எடுத்துவிடுவோம் என்று கல்லூரி சொல்லியிருக்கிறது. அக்டோபர் முடிந்தால் பிறகு கை வைக்க முடியாதாம்.

இதில் தேறினால் பள்ளியில் இருக்கும்போதே இந்தப் பாடம் கல்லூரிப் படிப்புக் கணக்கில் ஏறிவிடும். ஏறினால்தான் அடுத்த வருடம் செவிலியர் படிப்பில் இடம். இல்லாவிட்டால் அம்மாவோடு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டியதுதான். அம்மா முதுகைப் பார்த்தாலே எனக்குப் பயம்.

வகுப்பு நேரத்துக்கு எல்லா அறைக் கேமராவும் தானாகவே ஓடத் தொடங்கும். முடிந்ததும் அவரவர் அறையின் கேமராவை அவரவரே அணைக்க வேண்டும். வெஸ்லி நாற்காலியோடு நகர்ந்து கேமராவுக்குக் கிட்டே வருவான். ஒற்றைக் கண் கட்டம் முழுக்க நிற்கும். "கடையைச் சாத்தியாச்சு" என்பான். இருட்டு. லூசு.

நேரில் பார்த்ததே இல்லை. எப்போதும் உட்கார்ந்தே இருப்பதால் உயரமா குட்டையா என்றுகூடத் தெரியாது.

செப்டம்பர் 30

வெஸ்லி வரவில்லை. சோளம் அறுக்கிறானாம். இந்த மாதத்தில் பாதிப் பள்ளி அப்படித்தான்.

அக்டோபர் 3

வெஸ்லி செத்துப் போய்விட்டான்.

அவர்கள் வீட்டு இரும்புக் குதிருக்குள் சோளம் இறுகிக் கட்டியாகிவிட்டதாம். குத்திவிட இறங்கியிருக்கிறான். கீழே சோளத்தை வெளியே இழுக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சோளம் அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. மோட்டாரை நிறுத்தாம யாராச்சும் இறங்குவாங்களா? சின்ன வயசுலேர்ந்து எல்லார் வீட்லயும் இதத்தானே சொல்லிச் சொல்லி வளர்க்கிறாங்க. ஏன்டா?

அக்டோபர் 6

அடக்கத்துக்குப் போனோம். பெட்டி நீளம். உயரமானவன்தான்.

அக்டோபர் 9, வியாழன்

சார் வருகைப் பெயர்களைக் கூப்பிட்டார். "வெஸ்லி ஹாவ்லிக்" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

மறந்துபோய்க் கூப்பிட்டாரோ என்று பார்த்தேன். இல்லை. கோல்பி என் காதில், "மாசக் கடைசி வரைக்கும் அவன் பேர் இருக்கட்டும், வாயை மூடிட்டு இரு" என்றான். வெஸ்லியின் பள்ளியும் கல்லூரிக்குச் சொல்லவில்லை. சாரும் சொல்லவில்லை. எல்லாம் எங்களுக்காகத்தான்.

கடைசிக் கட்டம் அப்படியே இருக்கிறது. காலி நாற்காலி, அதன் முதுகில் அவன் ஸ்வெட்டர். அணைக்க ஆளில்லை. வகுப்பு முடிந்து நாங்கள் கிளம்பும்போதும் அது திரையில் நின்றுகொண்டே இருந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று மூச்சு மண்டலம். இதைத் தள்ளிப்போட்டிருக்கக் கூடாதா? அஸ்பிக்ஸியா என்ற சொல் வந்தது. மூச்சுத் திணறிச் சாவது. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு நாடி இல்லாமை என்றுதான் பொருளாம். மூச்சைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. சார் பலகையைப் பார்த்தே பேசினார், எங்களைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. கடைசிக் கட்டத்தில் விளக்கு எரிந்தது. ஆள் அசைந்தால் தானாக எரியும் விளக்கு. நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 16

மறுபடியும். பெயர் கூப்பிடுவதற்குச் சற்று முன் எரிந்தது. கோல்பி எலி என்கிறான். எலிக்கு வகுப்பு நேரம் தெரியுமா?

செத்தவன் பெயரைச் சாப்பிட்டுத்தான் நான் செவிலி ஆகப்போகிறேன். வேறென்ன?

அக்டோபர் 21, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

"வெஸ்லி ஹாவ்லிக்" என்றதும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "அவன் செத்துட்டான் சார். இனிமே கூப்பிடாதீங்க" என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். தெரியும்மா, என்றார். இனிமேல் மறைக்க முடியாது, கல்லூரிக்குச் சொல்லிவிடுகிறேன், அநேகமாக வியாழன்தான் கடைசி வகுப்பு என்றார்.

"இப்ப திருப்தியா உனக்கு? எல்லார் தலையிலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்ட" என்றான் கோல்பி. அவனுக்கும் இந்த வகுப்பு வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் விளக்கு வெகுநேரம் எரிந்தது.

அக்டோபர் 23, வியாழன்



சார் பெயர் கூப்பிட்டார். வெஸ்லியை விட்டுவிட்டார். அப்போது கடைசிக் கட்டத்துக்குள் ஒரு பெண்மணி வந்து நின்றார். தலையில் சமையல்காரர் வலை, இடுப்பில் ஏப்ரன். அடக்கத்தில் பார்த்த முகம். அந்தப் பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் வெஸ்லியின் அம்மா.

"டெலேனிங்கற பொண்ணு யாரு?"

கையைத் தூக்கினேன்.

"உன்மேல தப்பில்லம்மா. ஆனா அவன் பேரைக் கூப்பிடறதக் காதால கேக்கத்தான் நான் வந்துட்டிருந்தேன். கதவோரமா நின்னுக்குவேன். வீட்ல இப்ப அந்தப் பேரை யாரும் வாயால சொல்றதில்ல. இங்க மட்டுந்தான் கூப்பிட்டாங்க."

நல்லது செய்கிறேன் என்று அந்த அம்மாவிடம் மிச்சமிருந்ததையும் பிடுங்கிவிட்டேன்.

பிறகு சாரிடம் வகுப்புக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டார். ஆறு என்றார் சார். வயதுக்கு வரம்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்.

அக்டோபர் 28, செவ்வாய்

சார் பெயர் கூப்பிட்டார். "ஹாவ்லிக்" என்று மட்டும். அந்த அம்மாதான் அப்படிக் கேட்டுக்கொண்டாராம், குடும்பப் பெயர் போதும், முன்பெயர் வேண்டாம் என்று.

"இருக்கேன்."

ஸ்வெட்டர் நாற்காலி முதுகிலேயே கிடந்தது. அதில் சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். எழுதிக்கொண்டே வந்தவர், மூச்சுப் பாடம் முன்னமே முடிந்துவிட்டதா என்று ஒருமுறை கேட்டார். முடிந்துவிட்டது என்றார் சார்.

வகுப்பு முடிந்ததும் கோல்பி போய்விட்டான். நான் போகவில்லை. அவர் ஏப்ரனால் மேசையைத் துடைத்தார், நாற்காலியை உள்ளே தள்ளினார், கேமராவின் கிட்டே வந்து எதையோ தடவித் தேடினார். ஒற்றைக் கண் கட்டம் முழுக்க நின்றது. அதே பழுப்புக் கண்.

கட்டம் இருண்டது.