வேங்காடி நாட்டின் கடைசி ஆயுதம்

வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளின் பச்சை வாடை லைன் வீடுகள்வரை வந்துவிட்டது. கவாத்துக்காலம். நீங்கள் உயிரோடு இருந்தவரை, இந்த வாடை வந்ததும் வாசற்படியில் கத்தி தீட்ட உட்கார்ந்துவிடுவீர்கள். நம் மகள் சின்னவளாக இருந்தபோது கூடவே வேங்காடி நாட்டுக் கதையும் ஆரம்பமாகும்.

இல்லாத நாட்டுக்கு அப்படி ஒரு சரித்திரம்! மற்றப் பிள்ளைகள் நரிக்கதை கேட்டார்கள். நம் பிள்ளைக்கு மட்டும் ஆயுதங்கள் பிறந்த கதை. "மொதல்ல அங்க ஆயுதமே இல்ல புள்ள. மண்வெட்டிதான் இருந்துச்சு. ஒருத்தன் கோவத்துல அதத் தலைக்கு மேல தூக்குனான் பாரு, அன்னைக்குக் கண்டுபுடிச்சாங்க" என்பீர்கள். பிறகு கழியில் கட்டிய அரிவாள். பிறகு மண்ணெண்ணெய் டின். ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தவனுக்கு ராஜா பொன்னாடை போர்த்துவார். அவள் சிரிப்பாள். குழந்தையிடம் பேசுகிற பேச்சா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கடைசியா எதப்பா கண்டுபுடிச்சாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

நீங்கள் கத்தியைக் கீழே வைத்தீர்கள். "விரலு. 'அந்தா, அந்த வீடு'ன்னு காட்டுற விரலு."

"அதுக்கும் பொன்னாடையா?"

"இல்ல புள்ள. அது எல்லாரு கையிலயும் இருந்துச்சு. யாருக்குன்னு போத்துறது?"

அந்தக் கதை எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இலங்கையில் கலவரக் கும்பல் வந்தபோது, கடைவீதியில் எது உங்கள் வீடு என்று காட்டியவர் தினமும் உங்கள் அம்மாவிடம் வெற்றிலை வாங்கிப் போட்ட பக்கத்துக் கடைக்காரர். அம்மா உள்ளேயே எரிந்துபோனார். நீங்கள் மட்டும் கப்பலேறி வந்தீர்கள். கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை சொன்னதுதான். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

யாராவது வந்து இன்னார் வீடு எது என்று கேட்டால் நீங்கள் கை நீட்டமாட்டீர்கள். "இங்கயே நில்லுங்க" என்று நிறுத்திவிட்டு, நீங்களே அந்த வீட்டுக்குப் போய், "ஒருத்தர் தேடி வந்திருக்காரு, கூட்டியாரவா?" என்று கேட்டுத் திரும்புவீர்கள். புதிதாக வந்த தபால்காரருக்கும் அதே கதிதான். எதிர்வீட்டைக் காட்ட இவ்வளவு நடையா என்று நான் போட்ட சத்தம் குந்தா அணைவரை கேட்டிருக்கும்.

இப்போது எதிர்வீட்டில் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த ஜோடி இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம். நான்தான் ரசம் வைத்துக் கொடுக்கிறேன். போன வாரம் கோயில் உண்டியலை யாரோ உடைத்துவிட்டார்கள். யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வடக்கத்தியார்தான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

நேற்றுச் சாயங்காலம் பக்கத்து எஸ்டேட் பையன்கள் கவாத்துக் கத்தியோடு வந்தார்கள். வேலைக் கத்திதான்; பிடித்திருந்த விதம் வேறு.

"ஏனுங்க பெரியம்மா, அந்த வடக்கத்திக்காரனுங்க எந்த ஊட்டுல இருக்கறானுங்க?"

எதிர்க்கதவு சாத்தியிருந்தது. உங்களைப்போல் போய்க் கேட்டுவர வழியில்லை; நான் நடந்தாலே வீடு தெரிந்துவிடும். வலது கையை முந்தானைக்குள் இழுத்து, இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குக் கை தூக்க வராதுப்பா. போங்க."

அடுத்த லைனுக்குப் போனார்கள். அங்கேயும் மனிதர்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் விரல் இருக்கிறது. இன்றும் வருவார்கள் என்கிறார்கள். இதை எழுதி முடித்ததும் கையை மறுபடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் உட்காரப் போகிறேன்.