அக்கா இழுத்த நூல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கம்பெனியில் அக்கா சட்டைகளை மடியில் போட்டுக்கொள்ளவில்லை. தைத்த சட்டையில் நூல் பிசிறு வெட்டுகிற நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து, மடியில் போட்டுத்தான் வெட்டுவோம். அவள் மட்டும் மேஜை ஓரமாக நின்றுகொண்டே வெட்டினாள். கேட்டால், உட்கார்ந்தால் அடிவயிறு குத்துகிறது என்றாள்.

மார்ச் 5

கர்ப்பம் தங்காமல் இருக்க அக்கா காப்பர்-டி போட்டு ஏழு வாரம் ஆகிறது. முதல் சில மாதம் உதிரப்போக்கு கூடுதலாக இருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஆனால் இப்படி முகம் வெளுக்குமா?

எங்களோடு பொத்தான் தைக்கிற ஒரு அம்மாவைக் கேட்டால் அது நெஞ்சுவரை ஏறிவிடுமாம். "ஒருத்திக்கு மூச்சே நின்னுபோச்சு, என் கண்ணால பாத்தேன்." எங்கே, எப்போது என்று யாரும் கேட்கவில்லை. நானா கேட்பேன்? வேலையிடத்தில் எனக்கு ஊமைக்கோட்டான் என்றுதான் பெயர்.

மார்ச் 6

ஏறுமா?

மார்ச் 7, வெள்ளி

துணி துவைக்கும்போது, குழாய்ச் சத்தத்தில், சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"குளிக்கும்போது கைல நூல் பட்டுச்சுடி. ஏதோ மிச்சம் விட்டுட்டாங்கன்னு பிடிச்சு இழுத்துட்டேன்."

நாள் முழுக்க நூலைக் கண்டால் இழு, வெட்டு என்று பழகிய கை. காப்பர்-டி அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அந்த நூலை விடுகிறார்களாம். ஆஸ்பத்திரி அட்டையில் இப்போதுதான் படித்தேன். நர்ஸ் அதைச் சொன்னபோது மடியிலிருந்த கைக்குழந்தை வீறிட்டதில் அவள் காதில் சரியாக விழவில்லையாம்.

இழுத்த நாளிலிருந்துதான் வலி. நர்ஸ் திட்டுவார், போக மாட்டேன் என்கிறாள். மாமாவிடமும் மூச்சு விடக் கூடாதாம். போன பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் அவளைப் பிழைக்க வைத்ததே பெரும்பாடு. இப்போதைக்கு இன்னொன்று உண்டானால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அது கழன்றிருந்தால்? ஐயோ, ஏற்கெனவே உண்டாகியிருந்தால்?

மார்ச் 8

காய்ச்சல் இல்லை. மூன்று தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "நான் என்ன இட்டலிப் பானையா, வெந்துச்சான்னு பாக்குற?" என்று சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 10, திங்கள்

குழந்தைக்குத் தடுப்பூசி நாள். ஊசி போட்டதும் அக்கா விறுவிறுவென்று வாசலுக்குப் போய்விட்டாள். குழந்தையோடு நான் மட்டும் நின்றேன். என்னம்மா என்றார் நர்ஸ். போய்விடலாம் என்று திரும்பினேன் — அப்புறம் எப்படி வந்ததோ,

"அக்கா நூலை இழுத்துட்டா."

நர்ஸ் திட்டவில்லை. "என்னைக்கு?" என்று மட்டும் கேட்டார். ஆள் அனுப்பி அக்காவைக் கூப்பிட்டார். அவள் என்னைப் பார்த்த பார்வை! திரையை மூடினார்கள்.

பாதி கீழே இறங்கியிருந்ததாம். இறங்கியது காப்பாற்றாது என்று எடுத்துவிட்டார்கள். பரிசோதனையில் கர்ப்பம் இல்லை. ஆனாலும் மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதியாகச் சொல்வார்களாம். அதுவரை ஆணுறை. நெஞ்சுக்கு ஏறுமா என்று அக்காவே கேட்டாள்.

"அதெல்லாம் ஏறாதும்மா. அபூர்வமா கர்ப்பப்பைச் சுவரைக் குத்திடும். அதான் வலிச்சா உடனே வாங்கங்கறோம்."

வழியெல்லாம் அக்கா என்னோடு பேசவில்லை.

மார்ச் 13

இன்னும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கிறாள்.

மார்ச் 22

இன்னும் ஒன்பது நாள். நாள்காட்டியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மார்ச் 31, திங்கள்

இல்லை. உண்டாகவில்லை. அக்கா அழுதுவிட்டாள். புதிதாகவே ஒன்று போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தவள், என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீயும் உள்ள வாடி." மூன்று வாரத்தில் அவளாக என்னிடம் பேசியது இதுதான்.

போட்டு முடித்ததும், நூலை எப்படிப் பார்ப்பது, எப்போதெல்லாம் பார்ப்பது என்று நர்ஸ் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள். புரியாமல் ஆட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றேன்.