ஊருக்குப் போனதற்குக் கட்டம் இல்லை

அக்கா,

நீங்கள் ஒரு நாளும் காணாமல் போகவில்லை. காணாமல் போனதாக எழுதினார்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேதான் எழுதினார்கள்.

இன்று நம் முதியோர் இல்லத்தில் ஆய்வு. அதற்காக நேற்று கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். இன்னும் முழுதாகக் காயவில்லை. காலையில் தெரியாமல் கையை வைத்துவிட்டேன்; சோப்புப் போட்டும் நெடி போகவில்லை, எழுதும்போது மூக்கில் அடிக்கிறது. கேட்டில் புதுப் பூட்டு. பக்கத்தில் மேனேஜர் ஒட்டிய தாள்: "முன்னர் நிகழ்ந்த காணாமல் போன சம்பவங்களை முன்னிட்டு, இல்லவாசிகள் வெளியே செல்ல அனுமதி இல்லை."

அந்தச் சம்பவங்கள் மூன்று. மூன்றும் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் உங்களைக் காட்டித்தான் மற்றவர்களை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்களிடம்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பாட்டி, கண்ணுக்கு மருந்து ஊத்தணும்" என்று வந்து நின்றேன்.

"யாருடி ஒனக்குப் பாட்டி? எந்த ஊரு நீ?"

"சந்தவாசல்."

"மலைக்குக் கீழேர்ந்து வந்தவளா? அதான் நாலு படி ஏறினதுக்கே இப்படி மூச்சு வாங்குது. அக்கான்னு கூப்டு. அப்பத்தான் கண்ணைத் திறப்பேன்."

அறுபதைத் தாண்டிய உங்களை அன்றிலிருந்து அக்கா என்றேன். இல்லத்தில் வேறு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. உங்களைச் சாந்த சொரூபி என்று எழுத என்னால் முடியாது. டிவி ரிமோட்டைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைப்பீர்கள். ரசத்தைக் குடித்துவிட்டு "இது ரசமா, பாத்திரம் கழுவின தண்ணியா" என்று சமையல்காரம்மாவைக் கத்திக் கேட்பீர்கள். உங்களோடு சண்டை போடாத ஆள் அங்கே கிடையாது. ஆனால் உங்கள் புத்தியில் ஒரு குறையும் இருந்ததில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

உங்கள் வீட்டுக்காரர் போனபின், கண் ஆபரேஷன் முடிந்த கையோடு, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற மகன் உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். கண் தெளிந்ததும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். கண் தெளிந்தது. ஊர் அப்படியேதான் இருந்தது, ஓடையைத் தாண்டி நடந்தால் ஒரு மணி நேரத்தில். உங்கள் வீடு, சாமைக் கொல்லை, புளிய மரங்கள் எல்லாம் அங்கேயே இருந்தன.

ஐப்பசியில் சாமை அறுப்பு வந்தது. காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டு கேட்டுக்குப் போனீர்கள். வாட்ச்மேனிடம், "அறுப்பு, ஊருக்குப் போய்ட்டு வர்றேம்பா" என்றீர்கள். "போய்ட்டு வாங்க" என்று அவரே கேட்டைத் திறந்துவிட்டார். அவரிடம் ஒரு நோட்டு உண்டு. பால்காரர் வந்தால் எழுதுவார், போனால் எழுதுவார். எங்களுக்கும் அப்படித்தான். காய்கறி வண்டியின் நம்பர்கூட அதில் இருக்கும். அங்கேயே குடியிருக்கிறவர்கள் வெளியே போனால் எழுத அதில் ஒரு பத்திகூட இல்லை. அவர்கள் ரோட்டோர டீக்கடையைத் தாண்டி எங்கும் போவார்கள் என்று யாரும் நினைத்துப் பார்க்கவே இல்லை.

மதியச் சாப்பாட்டில் ஒரு தட்டு மீந்தது. அப்புறம்தான் அமளி. "ஊருக்குப் போயிருக்காங்க சார், என்னாண்ட சொல்லிட்டுத்தான் போனாங்க" என்றார் வாட்ச்மேன். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். மேனேஜர் சம்பவ அறிக்கைப் படிவத்தை எடுத்துவிட்டார். விழுதல், காயம், சண்டை, காணாமல் போதல், மரணம் என்று வரிசையாகக் கட்டங்கள்.

"ஊருக்குப் போனாங்கன்னு எழுத இதுல கட்டம் எங்கம்மா இருக்குது?" என்றார் என்னிடம். "ஆள் உள்ள இல்ல. வழியில பாம்பு கீம்பு கடிச்சா நாளைக்கு யார மாட்டுவாங்க? உன்னையா?"

'காணாமல் போதல்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

மறுநாள் சாயங்காலம் நீங்களே நடந்து வந்தீர்கள், தலையில் மூட்டையோடு. குத்திப் புடைத்த புதுச் சாமை. "பொங்கிப் போடு எல்லாருக்கும். ரசம் மட்டும் நீ வெக்காத" என்று சமையல்காரம்மாவிடம் இறக்கினீர்கள். அன்றைக்கு மேனேஜர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு போய் படிவத்தில் எழுதி முடித்தார்: "இரண்டாம் நாள் மீட்கப்பட்டார்."

மீட்கப்பட்டார்! யார் மீட்டது? சாமை மூட்டையா?

நான் அதை உங்களுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தீர்கள். "நான் எங்க இருந்தேன்னு எனக்குத் தெரியும். எங்க ஊருக்கே தெரியும். இவங்களுக்குத் தெரியலன்னா நான் இன்னா பண்றது?" அப்புறம் சிரிப்பு நின்றது. "எழுதறதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்டானா அவன்?"

கேட்கவில்லை அக்கா. யாரையுமே கேட்பதில்லை. உங்கள் கட்டில், உங்கள் மாத்திரை, உங்கள் மலச்சிக்கல், எல்லாவற்றையும் எழுதுகிறோம். உங்களிடம் கேட்காமலே எழுதுகிறோம்.

அம்மாவைக் காணோம் என்று மேனேஜர் போன் பண்ணியதில் உங்கள் மகன் பஸ் ஏறி, நீங்கள் திரும்பிய மறுநாள் வந்து சேர்ந்தார். வந்ததும் வராந்தாவில் வைத்து உங்களைத் திட்டினார். "ஏம்மா இப்படி ஓடிப்போன?"

"ஓடறதுக்கு நான் இன்னா களவாணியா? நடந்துதான்டா போனேன். ஒங்கப்பன் போட்ட கொல்லை. நீ வந்து அறுப்பியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் மேனேஜர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்: அனுமதியில்லாமல் தாயை வெளியே விடக்கூடாது. எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. ஆனால் அச்சடித்த தாளில் 'காணாமல் போனார்' என்று இருந்தால், அத்தனை தூரத்தில் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை வேறு எதை நம்புவான்?

தையில் உங்கள் பங்காளி வீட்டில் சாவு. அனுமதி கேட்டீர்கள். மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் மேனேஜர். மகன் போனை எடுக்கவில்லை. பிணம் அதுவரைக்கும் காத்திருக்குமா? பின்பக்கத் துணி காயப்போடும் இடத்து வேலி வழியாகப் போனீர்கள். இரண்டாவது டிக். மாசிக் கடைசியில் புளி உலுக்கல். மூன்றாவது டிக். அதன் அடியில் யாரோ சேர்த்திருந்தார்கள்: "அலைந்து திரியும் பழக்கம். மறதி."

மாதம் ஒரு முறை கீழேயிருந்து வருகிற டாக்டர் முதலில் ஃபைலைப் பார்த்தார், அப்புறம் உங்களை.

"இன்னிக்கு என்ன கிழமைம்மா?"

"சந்த இல்லாத நாளு. சந்த இருந்தா கரெக்டா சொல்லிடுவேன்."

நான் சிரித்துவிட்டேன். மேனேஜரும் சிரித்தார். மலையில் பாதிப் பேர் அப்படித்தான் கிழமை சொல்வார்கள் என்று அவருக்கும் தெரியும். டாக்டர் சிரிக்கவில்லை. கிழமை தெரியவில்லை என்று எழுதினார். அதன் கீழே மாத்திரை எழுதினார்.

அந்த மாத்திரைக்குப் பிறகு நீங்கள் யாரோடும் சண்டை போடவில்லை. ரிமோட் டிவிக்கு மேலேயே கிடந்தது. ரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இப்பத்தான் அமைதியா ஆய்ட்டாங்க" என்றார் மேனேஜர், நல்ல சேதிபோல. "மாத்திரை கொடுக்கிறதால தள்ளாடறாங்க சார், நிறுத்துங்க" என்றேன். டாக்டர் வரட்டும் என்றார். டாக்டர் வருவதற்குள், ஒரு மத்தியானம், ஈரமோ கல்லோ இல்லாத வராந்தாவில், நின்ற இடத்திலேயே விழுந்தீர்கள். இடுப்பெலும்பு முறிந்தது. படிவத்தில்: "மனக்குழப்பத்தால் தடுமாறி விழுந்தார்."

ஒரு பொய் அடுத்த பொய்க்குச் சாட்சி சொன்னது. படிக்கிறவர்களுக்கு எல்லாம் கோவையாக, அழகாக இருக்கும்.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாத்திரை நின்று சில நாள் ஆகியிருந்தது. உங்கள் குரல் திரும்பியிருந்தது. "இத இன்னான்னு எழுதனாங்க?" என்று கேட்டீர்கள். சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

"மாத்திரைன்னு எழுதச் சொல்லு" என்றீர்கள்.

நீங்கள் அங்கேயே போய்விட்டீர்கள். மகன் வந்து ஊருக்குக் கொண்டுபோனார். உங்களை ஊருக்கு அனுப்ப அன்றைக்கு யாரும் அனுமதி கேட்கவில்லை.

மேனேஜரின் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஏதாவது நடந்தால் அவரைத்தான் கேட்பார்கள். ஆனால் பயந்தது அவர், மாத்திரையை விழுங்கியது நீங்கள். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பதிவு எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எழுதுவதற்கு முன்னால் ஆளிடம் போய் உட்கார்கிறேன். "இன்னா நடந்துச்சு, இன்னா எழுதட்டும்?" என்று கேட்கிறேன். எழுதியதைப் படித்துக் காட்டுகிறேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான், இதை விடமாட்டேன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஐயா போன மாதம் குளியலறையில் விழுந்தார். "வயசாயிடுச்சுன்னு எழுதிடாத தாயி" என்றார். "பல்பு பியூஸ் போய் ஒரு வாரம் ஆவுது. மொதல்ல அத எழுது." அதைத்தான் எழுதினேன். மறுநாளே பல்பு போட்டார்கள். உண்மையை எழுதினால் பல்பு வருகிறது அக்கா. பொய்யை எழுதினால் பூட்டு வருகிறது.

அந்தக் கண்டக்டர் ஐயா தினமும் ரோட்டோரக் கடையில் டீ குடித்தவர். இப்போது அவரும் உள்ளேதான். "டிக்கெட் வாங்காதவனைக்கூட நான் அடுத்த ஸ்டாப்ல எறக்கி வுட்டிருக்கேன், என்ன எறக்கிவிட மாட்டேங்கிறாங்களே" என்கிறார்.

இன்று ஆய்வுக்கு வந்த மேடம் ஃபைல்களைப் புரட்டினார். "ரெக்கார்ட்ஸ் எல்லாம் நீட்டா இருக்கு" என்றார். மேனேஜர் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். நான் உங்கள் ஃபைலை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தேன். சாமையிலிருந்து மாத்திரை வரைக்கும், இங்கே உங்களுக்கு எழுதியிருப்பதுபோலவே நேராகச் சொன்னேன். கேட்டில் ஒட்டிய தாளுக்கு இந்த மூன்று டிக்கைத் தவிர வேறு காரணம் இல்லை என்றும் சொன்னேன்.

"சரி, அவங்கதான் இப்ப இல்லையேம்மா" என்றார் மேடம். "இனிமே திருத்தி என்ன ஆகப்போகுது?"

"அவங்க இல்ல. அவங்களக் காட்டிப் பூட்டி வெச்சிருக்கற மத்தவங்க உள்ளதான் இருக்காங்க மேடம்."

"இன்னா பேச்சு இது?" என்றார் மேனேஜர். நாளைக்கு எனக்கு இங்கே வேலை இருக்குமா என்பது அவர் குரலிலேயே தெரிந்துவிட்டது. நான் நகரவில்லை.

"இதுக்குக் கீழ எழுதுங்க மேடம். ஊருக்குப் போனாங்க, தானா திரும்பி வந்தாங்க. மூணு தடவையும் அப்படித்தான். விழுந்தது மாத்திரையால. எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் வாட்ச்மேன் நோட்டுல இங்க இருக்கறவங்களுக்கும் ஒரு பக்கம் போடச் சொல்லுங்க, போகும்போது சொல்லிட்டுப் போவாங்க."

மேடம் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பிஸ்கட்டைப் பார்த்தார். பேனா திறந்தபடி மேடம் கையில் இருந்தது.

"எழுதுங்க மேடம்" என்றேன்.