பங்குனியில் விதைக்கலாம்

சிராங்கூன் சாலை,
சிங்கப்பூர்.
தை மாதம், 1961

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் நேற்று நான் வேலை பார்க்கும் தேக்கா சந்தைக் கடைக்கு வந்து சேர்ந்தது. பக்கம் முழுக்க கேரட்டைப் பற்றி எழுதிவிட்டு, நம் மகள் வள்ளி காய்ச்சலில் போய்விட்டதைக் கடைசியில் இரண்டே வரியில் எழுதியிருக்கிறாய்.

உறைபனி விழுவதற்குள் கேரட்டைப் பிடுங்கத் தவறியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். ஆவணியில் விதைத்தது மார்கழிக்கு முன்பே விளைந்திருக்கும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குன்னூர் ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் எப்படிப் பிடுங்குவாய்? தழை கருகினால் கருகட்டும்.

மறுபடி எப்போது விதைக்கலாம் என்று கேட்டாய். நீலகிரியில் மாசிக் கடைசி வரை பனி இருக்கும். இப்போது விதைத்தால் முளை நிற்காது. பங்குனியில் விதைக்கலாம்.

கடை முதலாளி காதர் மீரா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தார். “ஊருக்குப் போய்ட்டு வா லா. கடைய நான் பாத்துக்கிறேன்” என்றார்.

“இனிமே போய் என்ன செய்யப் போறேன், முதலாளி?”

“அங்க உன் சம்சாரம் தனியா இருக்குல்ல” என்றார்.

அடுத்த கப்பலில் வருகிறேன். வள்ளிக்கு அளவு தெரியாமல் வாங்கிய கவுனைப் பெட்டியிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. அதுவும் என்னோடு வரும்.

நான் வரும்வரை பாத்தியில் கை வைக்காதே. அவளைப் புதைத்ததாக எழுதிய வேலியோரத்தில் மட்டும் மாலையில் கொஞ்சம் வைக்கோல் பரப்பி வை. விடியற்காலையில் அங்கே குளிர் அதிகம்.

இப்படிக்கு,
உன் கணவன்