கோடு வரைக்கும் தண்ணீர்

நேற்று கார் கழுவுகிற இடத்தில், பின் சீட்டுக்கு அடியிலிருந்து உன் நீலப் போத்தலை எடுத்து நீட்டினார் அங்கே வேலை செய்கிறவர். கறுப்பு மார்க்கரில் நீ போட்ட கோடு அழியவேயில்லை. பக்கத்தில் உன் கோழிக்கிறுக்கல்: "இதுவரை". வீசிவிடவா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து மனிதர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

அந்தக் கோடு அரை லிட்டர். ஆறு வருடத்துக்கு முன்னால், தொழிற்சாலையில் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் எகிறியதில் ஆரம்பித்த வினை, ஸ்கேன், ஊசி என்று இழுத்து, புரோஸ்டேட் புற்றுநோயில் வந்து நின்றது. அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. படகுத்துறைப் பக்கம் காரை நிறுத்திவிட்டு உன்னிடம்தான் முதலில் சொன்னேன். "இது தாத்தாமாருக்கு வர்றதுடா. இனி நான் ஆம்பளையே இல்லையா?" என்று அழுதேன். "முதல்ல உயிரோட இரு லா. மத்ததுக்கு அப்புறம் சண்டை போட்டுக்கலாம்" என்றாய். அன்று சாயங்காலமே என்னை இழுத்துக்கொண்டு போய், என் மனைவி முன்னால் உட்கார வைத்துச் சொல்லவும் வைத்தாய்.

இருபது நாள் கதிர்வீச்சு. மூத்திரப்பை நிரம்பியிருந்தால்தான் கதிர் குடலில் அதிகம் படாதாம். அதனால் தினமும் அரை லிட்டர் குடித்துவிட்டு, உள்ளே கூப்பிடுகிற வரை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். என் காரை ஓட்ட வந்த உனக்கு இதில் என்ன வேலை? நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு போத்தல் வாங்கி, இரண்டிலும் கோடு போட்டுக்கொண்டு வந்தாய். "நீ மட்டும் குடிச்சா எனக்குப் போரடிக்கும் மச்சான்."

வரிசையாக உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு நடுவில் நாம் இரண்டு பேரும் கால்மேல் கால் போட்டு நெளிவோம். முதல் நாள் நர்ஸ் மிஸ்ஸி வந்து என்னிடம், "அண்ணே, பேஷண்ட் உங்க அப்பாவா? எங்க அவரு?" என்றாள். "இவன்தான் எங்க அப்பா" என்று என்னைக் காட்டினாய். படுபாவி!

பதினோராம் நாள்தான் என் மானம் போனது. முன்னால் உள்ளே போனவருக்கு நேரமாகிவிட்டது. இதோ கதவு திறக்கும், இதோ திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திறப்பதற்குள் என் கால்சட்டை நனைந்துவிட்டது. அப்படியே செத்துவிடலாம் போலிருந்தது. "காடியை எடுடா, வீட்டுக்குப் போவோம். போதும். இனிமே நான் வரமாட்டேன்" என்றேன். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே விட்டுவிடத்தான் நினைத்தேன்.

நீ எழுந்திருக்கவில்லை. குனிந்து உன் மடியைப் பார்த்தாய். "ஐயையோ, எனக்கும் போயிருச்சே!" என்று அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாய். உன் சாம்பல் நிறக் கால்சட்டை முழுக்க ஈரம்.

முதலில் மிஸ்ஸி சிரித்தாள், அப்புறம் பெரியவர்கள், கடைசியில் நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மிஸ்ஸி ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக் கைலியைக் கொடுத்து, "ரெண்டு பேரும் மறுபடி குடிங்க" என்றாள். குடித்தோம். அன்றைய கதிரையும் வாங்கிக்கொண்டேன், மிச்ச ஒன்பது நாளும் போனேன். அந்தக் கைலியோடேயே லிட்டில் இந்தியாவுக்குப் போய் வாழையிலைச் சாப்பாடு ஒரு பிடி பிடித்தோமே, கடைக்காரர் பார்த்த பார்வை ஞாபகமிருக்கிறதா?

வேண்டுமென்றேதானே விட்டாய்? எப்போது கேட்டாலும், "அரை லிட்டர் தண்ணிடா, நான் என்ன ஒட்டகமா?" என்பாய். யாரிடம் கதை விடுகிறாய்? கோலாலம்பூரிலிருந்து வரும் வழியில் பஸ் கெட்டு நின்றபோது நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தவன் நீ.

ரத்தத்தில் அந்த எண் இன்னும் தலைதூக்கவில்லை. மற்ற விஷயமா? கொஞ்சம் மாத்திரை, நிறையப் பொறுமை, என் மனைவியின் கேலி. சண்டையில் ஜெயித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்.

நோய் எனக்கு, போனது நீ. போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

ஒன்று மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன்னைத் தூக்கிய அன்று காலை, என் சிவப்புப் போத்தலில் கோடு வரைக்கும் குடித்துவிட்டுத்தான் வந்தேன். உன் வீட்டிலிருந்து சுடலை வரைக்கும், அங்கே எல்லாம் முடிகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு உன் பக்கத்திலேயே நின்றேன். ஒரு சொட்டுப் போகவில்லைடா. கண்ணைப் பற்றி மட்டும் கேட்காதே.