அந்தப் பீஸில் இருந்த ஓட்டை

விஜயராணிக்கு,

இருபத்திரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். சமாதானத்துக்கு என்று நினைத்துக்கொள்ளாதே.

பனியன் கம்பெனியில் எதிரெதிரே உட்கார்ந்து, தைத்த பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று செக்கிங் பார்த்தோம். நான் பார்த்த பீஸை நீ மறுபடி பார்ப்பாய், நீ பார்த்ததை நான். ஓட்டை தப்பியிருந்தால் மேசைக்கு அடியில் கமுக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அந்த ஆடி வெள்ளிக்கிழமை மட்டும் ஓட்டை தப்பிய என் பச்சைப் பீஸை நீ சூப்பர்வைசரிடம் தூக்கிக் காட்டினாய். நான் மறக்கவில்லை.

என் பேத்தி நித்யஸ்ரீ சென்னையில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன மாதம் போனில் அழுதாள். "அம்மாயி, இங்க எல்லாரும் பெரிய படிப்பாளிங்க. எனக்குப் பேச வாயே வரமாட்டீங்குது. ஊட்டுக்கே வந்தர்றேன்."

"வந்துரு கண்ணு" என்று நானும் சொல்லிவிட்டேன். அவள் பெட்டியும் கட்டிவிட்டாள்.

தடுத்தது ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பெண். வகுப்பில் பேச வேண்டியதை முதலில் தன்னிடம் பேசச் சொல்லி, தப்பை யாருக்கும் தெரியாமல் திருத்தினாளாம். இப்போது சாயங்காலமானால் ஆறு பேர் அந்த அறையில் கூடி, ஒருவர் பேச்சை ஒருவர் திருத்துகிறார்களாம்.

"இது யாருடி சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டிருக்கிறாள் நித்யா.

"எங்க ஆச்சி. செக்கிங்ல இப்படித்தான் செய்வாங்களாம். ஒரே ஒரு தடவ மாத்திச் செஞ்சுட்டு, இன்னும் புலம்புறாங்க" என்றாளாம் அந்தப் பெண், ஷெர்லின். ஆச்சி பேரை விசாரிக்கச் சொன்னேன்; உன் பேர் வந்தது.

பொங்கல் லீவுக்கு இரண்டு பேரும் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். உன் பேத்தியைக் கூட்டிப்போக நீயே வா.

அந்தப் பச்சைப் பீஸை நான் விரித்தே பார்க்கவில்லை. பேச்சு மும்முரத்தில் அப்படியே அடுக்கிவிட்டேன். அதையும் நான் மறக்கவில்லை.

இப்படிக்கு,
எதிர் ஸ்டூல்காரி