நல்லா ஓடுவா சார்

இன்று காலை பேத்தி பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ் போட்டாள். டப்பாவைத் திறந்ததுமே வாசனை அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். லீவில் நீ வந்தால் வீடு முழுக்க இந்த வாசனைதானே. பூட்ஸைத் தேய்த்துக்கொண்டே, "அண்ணி, இதுல உங்க மூஞ்சி தெரியுது பாருங்க" என்பாய். "என் மூஞ்சிய நான் பூட்ஸுலயாடி பாக்கணும்?" என்று திட்டுவேன். நீ கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிறது. திட்ட ஆளில்லை.

மத்திய அரசு போலீசில் பெண்களுக்குத் தனிப் படை என்று பேப்பரில் வந்த அன்றைக்கே நீ எழுதிப் போட்டாய். "துப்பாக்கி தூக்கிக்கினு ஊர் ஊரா சுத்தப் போறியா?" என்று உன் அண்ணன் குதித்தார். நீயோ மறுநாள் விடியற்காலையில் மலை சுற்றும் பாதையில் ஓட ஆரம்பித்தாய்.

எதிர்வீட்டுக் கோகிலாக்காவுக்குப் பொறுக்கவில்லை. "மலைய சுத்தறப்போ மெதுவா நடக்கணும்டி. சாமி உன்ன தொரத்திக்கினா வருது?"

"சாமி தொரத்தலக்கா. வேலை முன்னாடி ஓடுது."

ஓட்டம், உயரம், பரீட்சை எல்லாம் தேறிவிட்டாய். விசாரணை ஒன்றுதான் மிச்சம். தெருவுக்கு ஆள் வந்து உன்னைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு போவார். அது சரியாக இருந்தால்தான் ஆர்டர். "ஆர்டர் வந்தா போகட்டும். வரலன்னா தையில கல்யாணம்" என்று உன் அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க நீ சரியாகச் சாப்பிடவில்லை.

விசாரணை ஆள் வந்த நேரம் நீ வீட்டில் இல்லை. நான் குழாயடியில் இருந்தேன். வெள்ளைச் சட்டையில் வந்தவர் கோகிலாக்காவிடம், "எதிர்வீட்டுப் பொண்ணு எப்படிம்மா?" என்று கேட்டிருக்கிறார். நம் தெருவில் ஒரு பெண்ணைப் பற்றி அப்படி விசாரிக்க வருகிறவர் யார்? மாப்பிள்ளை வீட்டு ஆள்தான். தினமும் உன் ஓட்டத்தைக் கேலி செய்த கோகிலாக்கா, உனக்காக வாய் கூசாமல் அளந்திருக்கிறார்.

"தங்கமான பொண்ணுங்க. தல நிமிந்து பேசாது. வாசலத் தாண்டாது. கரப்பான் பூச்சியப் பாத்தாலே மயக்கம் போட்டுடும். வெளியூருன்னா அழுதுடும்." பக்கத்து வீட்டம்மா வேறு, "வாய் கம்மி, வேலை ஜாஸ்தி" என்றாராம். அத்தனையையும் எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

நான் குடத்தோடு வந்தபோது கோகிலாக்கா பூரித்து நின்றார். "நல்ல எடம்டி. ஆனா ரொம்ப உஷாரான ஆளுங்க. பொண்ணு மேல கேஸ் கீஸ் இருக்கானு கூட கேட்டாரு!"

எனக்குப் புரிந்துவிட்டது. குடத்தை அவர் காலடியில் வைத்துவிட்டு ஓடினேன். வெள்ளைச் சட்டைக்காரர் தேரடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்.

"சார், அவங்க சொன்னதெல்லாம் பொய்! அவ எதுக்கும் பயப்படமாட்டா. தீபத்துக் கூட்டத்துல செயின் அறுத்தவன வெரட்டிப் புடிச்சவ சார்!"

"அவன அடிச்சாங்களா?"

நானே கேஸில் மாட்டிவிட்டேனோ? "லேசாத்தான் சார். குடை ஒடஞ்சிடுச்சி."

"நீங்க யாரு?"

"அவளோட அண்ணி சார்."

"நாத்தனாரப் பத்தி நல்லது சொல்ல இப்படி ஓடியாந்த அண்ணிய இன்னிக்குதாம்மா பாக்கறேன்" என்று சிரித்தார். எழுதியதை அடித்துவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

மூச்சு வாங்கியது. வாயில் வந்தது ஒன்றுதான். "நல்லா ஓடுவா சார்."

ஆர்டர் வந்தது. "அப்போ மாப்ள இல்லியா?" என்று கோகிலாக்கா ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். நீ பஸ் ஏறும் நாளில் டின் நிறைய முறுக்கோடு முதலில் வந்து நின்றதும் அவர்தான். "பனிப் பக்கம் டூட்டி போட்டா ஸ்வெட்டர் போட்டுக்கோடி" என்று அழுதார். நீ காஷ்மீர் வரைக்கும் போய் வந்தாய்.

போன வாரம் கோகிலாக்காவின் பேத்தியைப் பற்றி விசாரிக்க ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். கல்யாணத்துக்கா, வேலைக்கா என்று நான் கேட்கவில்லை. "பயப்படமாட்டா, நல்லா ஓடுவா" என்றேன். அவர் முழித்தார். எதிர்வாசலில் கோகிலாக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு பெண்ணைப் பற்றி அதைவிட நல்லதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லையே, என்ன செய்ய?